கணுக்கால் காய்ப்பு

என் கணவரின் நோய் முதலில் தெரிந்தது அவருடைய பெல்ட்டில். தாராவியில் தோல் பைகளும் பெல்ட்டுகளும் செய்யும் கார்கானா (பட்டறை) அவருடையது. இடுப்பில் துணி தளர்ந்தால் மற்றவர்கள் எடை பார்ப்பார்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள். அவர் பெல்ட்டைக் கழற்றி, அதில் புதிதாக ஒரு துளை தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மூன்றாவது துளை விழுந்த பிறகுதான் நான் கவனித்தேன்.

"என்னங்க, பெல்ட்டு முழுக்க ஓட்டையா இருக்கு?"

"நோம்பு வச்சதுல எளைச்சிருக்கும். விடு புள்ள."

நோன்பு முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. எங்கள் கோளிக்கு (ஒற்றை அறை வீட்டுக்கு) ஏறும் இரும்பு ஏணியில் பாதியிலேயே அவர் நிற்கத் தொடங்கியிருந்தார். கேட்டால், கீழே போகிறவர்களிடம் பேசுவதற்காக நின்றேன் என்பார். பேச ஆளில்லாத வேளையிலும் நின்றார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரத்தத்தில் இரும்புச்சத்து அடியோடு இல்லை என்றார்கள். கொலனாஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். குடலில் கட்டி. ஸ்கேனில் ஈரலிலும் சில புள்ளிகள். என் மகள் ஷமீமா வாஷியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆங்கிலம் அவளுக்குத்தான் புரியும். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "உம்மா, நாலாவது ஸ்டேஜ்னு போட்டிருக்கு, மகர் டென்ஷன் மத் லோ" என்றாள். டென்ஷன் ஆகாதே என்று இந்தியில் சொன்னவள், ரயிலைப் பிடிக்கப் போகிற வழியில் அழுதிருக்கிறாள். அதை என்னிடம் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் இப்போது அந்த இடத்தில் இருப்பீர்கள். உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. நம்பிக்கை கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். ஒட்டகப் பால் கொடு என்பார்கள், பப்பாளி இலை அரைத்துக் கொடு என்பார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்து இருந்தது. எங்களிடம் நோய் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், ஏதாவது உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷமீமாவையும் அழைத்துக்கொண்டு செம்பூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இருந்த புற்றுநோய் டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. அவர் பேசும் தமிழும் நாங்கள் பேசும் மேலப்பாளையத் தமிழும் தூரத்து உறவு மாதிரிதான், ஆனாலும் இந்தி பேசும் டாக்டரைவிட இது எவ்வளவோ மேல் என்று என் கணவருக்குச் சந்தோஷம். முதலில் குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தையல் நன்றாக ஆறும்வரை காத்திருந்துதான் கீமோவுடன் இன்னொரு ஊசியையும் ஆரம்பித்தார்கள். அதன் பெயர் பெவாசிசுமாப். எதிர்ப்புரதம் (குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடித்து முடக்குவதற்காக ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் புரதம்) என்ற வகையைச் சேர்ந்தது.

"பாருங்கோ," என்று டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டார். "கட்டி வளரணும்னா அதுக்கு ரத்தம் வேணும். அதனால அது ஒரு சமிக்ஞையை வெளியே அனுப்பும். பக்கத்துல இருக்கற ரத்தக் குழாய்கள் அதைக் கேட்டுண்டு புதுசு புதுசா கிளை விடும். இந்த மருந்து அந்தச் சமிக்ஞையை வழியிலேயே பிடிச்சுடும். கிளை வராது. கட்டி பட்டினி கிடக்கும்."

என் கணவர் தலையாட்டினார். "எங்க கல்லிச் சந்துல மெயின் பைப்புலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா திருட்டு லைன் இழுப்பானுவ டாக்டர். நீங்க பைப்ப விட்டுட்டு, லைன் இழுக்க வார பிளம்பரப் புடிக்கீங்க. அப்படித்தான?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பிளம்பர் ஊசி என்று பெயர்.

அதே நாளில் டாக்டர் எச்சரிக்கையும் செய்தார். இரத்த அழுத்தம் ஏறும், மூக்கில் இரத்தம் வரும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். "முக்கியமா, காயம் ஆறாது. பல் பிடுங்கறது, சின்ன ஆபரேஷன், எதுவானாலும் என்னைக் கேக்காம பண்ணப்படாது. காயம் பட்டா உடனே சொல்லணும்." சரி என்றோம். மூன்று பேரும் சேர்ந்துதான் சரி என்றோம்.

ஊசி போட்ட வாரம் அவர் படுத்துக் கிடப்பார். அடுத்த வாரம் எழுந்துவிடுவார். கீமோவால் குளிர்ந்த தண்ணீரைத் தொட முடியாது, தொட்டால் விரலில் மின்சாரம் பாய்வது போல் இருக்கும். நாளாக ஆக உள்ளங்கையும் பாதமும் மரத்துப்போயின. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் வெறுங்காலோடு நடந்து வருவார். கல்லியில் குழந்தைகள் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவரும். அதைப் பார்த்து நாங்களே சிரித்தோம். பிறகு பாதத்துக்குக் குளிர் ஆகாது என்று எப்போதும் சாக்ஸ் போடத் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் இருந்த புள்ளிகள் சுருங்கியிருந்தன. டாக்டர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, நான் கனவிலும் எதிர்பார்க்காததைச் சொன்னார். ஈரலில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட முடியும்போல் தெரிகிறது, அறுவை நிபுணரும் அப்படியே நினைக்கிறார், இன்னும் கொஞ்ச நாள் ஊசி போடுவோம், பிறகு நிறுத்தி, மருந்து உடம்பைவிட்டு இறங்கும்வரை பொறுத்திருந்து, வெட்டுவோம். நாலாவது கட்டத்தில் இருப்பவர்களில் சிலருக்குத்தான் இந்த வாசல் திறக்கும் என்றார்.

அதுவரை நான் ஆசைப்படவில்லை. அன்றைக்கு ஆசைப்பட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் டாக்சியில் உட்கார்ந்து, கார்கானாவில் புதிதாக என்ன மாடல் பை போடலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். நான் அதற்கு யோசனை வேறு சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த டாக்சிப் பயணம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக வலிக்கிறது.

இனி நான் சொல்லப்போவது தோல் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்களுக்கு விளக்க வேண்டும்.

கார்கானாவில் எல்லோரும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். வருடக்கணக்கில் கணுக்கால் எலும்பு தரையில் அழுந்தி அழுந்தி, அந்த இடத்தில் தோல் தடித்துப்போகும். தொழுகையில் உட்காரும் இருப்பும் அதே இடத்தில்தான் அழுத்தும். அதைக் காய்ப்பு என்பார்கள். என் கணவருக்கு இடது கணுக்காலில் அரை எலுமிச்சை அளவுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் புறப்படும் முன் கைகால் கழுவிக்கொண்டு, தோலை மெலிதாக்கச் சீவும் ராப்பிக் கத்தியாலேயே அந்தக் காய்ப்பைச் சீவிவிட்டுக்கொள்வார்கள். நகம் வெட்டுவது மாதிரி ஒரு வேலை. பேசிக்கொண்டே சீவுவார்கள். எப்போதாவது ஆழமாகப் போய் இரத்தம் எட்டிப் பார்த்தால், பக்கத்தில் டப்பாவில் இருக்கும் சுலேசனை (தோல் ஒட்டும் பசையை) ஒரு சொட்டு வைத்து மூடிவிடுவார்கள். அது காய்ந்து தோலோடு தோலாகிவிடும். மறுவாரம் ஆறியிருக்கும்.

ஸ்கேன் முடிவு வந்த சந்தோஷத்தில் அவர் அந்த வெள்ளிக்கிழமை கார்கானாவுக்குப் போனார். நெடுநாள் உட்காராததால் காய்ப்பு வெடித்து, சாக்ஸில் மாட்டிக்கொண்டு தொந்தரவு செய்திருக்கிறது. ராப்பியை எடுத்துச் சீவினார். மரத்துப்போன கால் எங்கே காய்ப்பு முடிகிறது, எங்கே சதை தொடங்குகிறது என்று அவரிடம் சொல்லவில்லை. இரத்தம் வந்ததும் சுலேசனை வைத்து மூடினார். சாக்ஸை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

வீட்டில் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். துவைக்கப்போட்ட சாக்ஸ் ஒன்று கணுக்கால் பக்கம் விறைத்து, மஞ்சளாக இருந்தது. முதலில் சுலேசன் கறை என்றுதான் நினைத்தேன். மோந்து பார்த்த பிறகு அவரை உட்காரவைத்து இடது காலில் மாட்டியிருந்த சாக்ஸைக் கழற்றினேன். காய்ந்த பசைக்கு அடியில் ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. பச்சைக் காயத்தில் இருக்க வேண்டிய சிவப்பு எங்கேயும் இல்லை.

"வலிக்கலையா?"

"ஒண்ணுமே தெரியலையே புள்ள," என்று அவரும் குனிந்து ஆச்சரியமாகப் பார்த்தார், யாருடைய காலையோ பார்ப்பது போல.

மறுநாளே செம்பூருக்கு ஓடினோம். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குழிக்குள் ஒரு கம்பியை மெல்ல விட்டுப் பார்த்தார். அது எலும்பில் தட்டியது. அந்தச் சத்தம் சிறியதுதான், எனக்குக் கேட்டது.

"காயம் பட்டா சொல்லணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே," என்றார். கோபத்தைவிடக் களைப்புதான் அந்தக் குரலில் இருந்தது.

"காயம் படலையே டாக்டர்," என்றார் என் கணவர், நிஜமாகவே புரியாமல். "காய்ப்பத்தான சீவுனேன். செத்த தோலு."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. நான்தான் உட்கார்ந்து காட்டி, எங்கே அழுந்தும், எதனால் சீவுவார்கள், எதை வைத்து மூடுவார்கள் என்று சொன்னேன். ஊசி தொடங்கும் முன் பல்லைப் பற்றிக் கேட்டார்கள், சர்க்கரையைப் பற்றிக் கேட்டார்கள், பழைய ஆபரேஷன்களை எல்லாம் கேட்டார்கள். தரையில் உட்கார்ந்து எலும்பு காய்த்துப்போகும் மனிதர்கள் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? எங்களுக்கும் அது நோயாளியின் உடம்பைச் சேர்ந்த விஷயமாகத் தெரியவில்லை, கார்கானாவைச் சேர்ந்ததாகத்தான் தெரிந்தது. நான் இன்றுவரை யார் மீதும் குற்றம் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். குற்றம் சொல்ல ஒருவர் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எப்படி உட்காருகிறீர்கள், உடம்பில் எதை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள், எதை வைத்து மூடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ஊசியை அன்றே நிறுத்தினார்கள். சீழ் எலும்பைப் பிடித்திருந்ததால் கீமோவையும் நிறுத்தினார்கள். அவரை வார்டில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கணுக்காலில் மறுபடி மறுபடி கெட்ட சதையைச் சுரண்டினார்கள். ஈரல் அறுவையைப் பற்றிக் கேட்டால், "முதல்ல கால் ஆறட்டும்" என்றார்கள். எல்லாமே அந்தக் காலுக்காகக் காத்திருந்தது. நான் ஐந்து வேளையும் அந்தக் காலுக்காக துஆ கேட்டேன்.

டாக்டர் எனக்கு விளக்கினார். காயம் ஆறுவதற்கும் உடம்பு அதே சமிக்ஞையைத்தான் அனுப்புமாம். வெட்டுப்பட்ட இடம் இரத்தக் குழாய்களைக் கூப்பிடும், அவை வந்துதான் புதுச் சதை வளரும். மருந்துக்குக் கட்டி கூப்பிடுகிறதா, காயம் கூப்பிடுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே பிளம்பர். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஏனென்று வீட்டில் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு தினமும் நான்தான் கட்டு மாற்றினேன். நாள்கணக்காக அந்தக் குழி அப்படியே வெளுத்துக் கிடந்தது. பிறகு ஒரு காலையில் பஞ்சால் துடைக்கும்போது ஓரத்தில் கடுகு அளவுக்குச் சிவப்பு. லேசாக இரத்தம் துளிர்த்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தேன். காலுக்கு இரத்தக் குழாய்கள் வந்துவிட்டன. அப்படியென்றால் வேறு எங்கெல்லாம் போயிருக்கும்?

அடுத்த முறை டாக்டர் கட்டைப் பிரித்து, "நன்னா சிவப்பு வந்துடுத்து. மருந்து உடம்பை விட்டு இறங்கிடுத்து" என்றார். என் கணவர் வெற்றி பெற்ற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"டாக்டர், அப்ப ஈரல்லயும்..." என்று நான் தொடங்கினேன்.

"ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்," என்றார் அவர், என் முகத்தைப் பாராமல்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் கால் நன்றாகிக்கொண்டே வந்தது. குழி மேடேறியது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, பார்க்கவே அழகாக இருந்தது அந்தச் சதை. நான் அதை வெறுத்தேன். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு இடத்தில் இதே வேகத்தில் வளர்கிறதே என்று அவசரமாகப் புதுக் கட்டைச் சுற்றி முடிப்பேன். அவர் மட்டும், "பாத்தியா, இன்னைக்கு இன்னும் கொஞ்சம் மூடியிருக்கு" என்பார். ஆமாங்க என்பேன்.

ஸ்கேன் முடிவைக் கேட்க நானும் ஷமீமாவும் உள்ளே போனோம். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஈரலில் பாதிக்கு மேல் பரவியிருந்தது. வெட்டி எடுப்பது என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. ஊசியைத் திரும்பத் தொடங்கினாலும் ஈரல் தாங்காது என்றார் டாக்டர். வலி வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இதுவரை சொல்லவில்லை.

வெளியே வரும்போது ஷமீமா என் கையைப் பிடித்தாள். "வாப்பாகிட்ட சொல்லாத உம்மா. ப்ளீஸ்."

சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எந்த விஷயத்தையும் அவரிடம் நான் பூசி மெழுகியதில்லை. ஆனாலும் அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வரை வாய் வரவில்லை.

புண் இருந்த காலம் முழுக்க, தொழுகைக்கு ஒளு செய்யும்போது (கைகால் முகம் கழுவும்போது) அவர் இடது காலைக் கழுவ முடியாது. கட்டின் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்வார். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, ஆனால் அவருக்கு அது குறையாகவே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கட்டு இல்லை. தோல் முழுசாக மூடியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு, ஒருவர் தாங்கிப் பிடிக்க ஏணி ஏறி வந்தார். கண் நல்ல மஞ்சளாக இருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"இன்னைக்குக் காலு முழுக்கத் தண்ணி ஊத்திட்டேன் புள்ள," என்றார்.

டீயை ஆற்றிக் கையில் கொடுத்தேன்.

"காலுதான் ஆறிட்டுல்லா. இனி ஊசிய ஆரம்பிச்சிருவாங்க. எப்பம் வரச் சொன்னாவ?"

"இனி ஊசி இல்லைங்க," என்றேன். "ஈரல்ல ரொம்பப் பரவிட்டு. வெட்டவும் முடியாதாம். டாக்டர் சொல்லிட்டாவ."

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கைலியை விலக்கி அந்தக் கணுக்காலைப் பார்த்தார். புதுத்தோல் குழந்தையின் தோல் போல மினுமினுத்தது. விரலால் ஒருமுறை தடவினார்.

"அப்பம் இது எதுக்கு ஆறுச்சு?" என்று கேட்டார்.

நான் டம்ளரை எடுத்துக் கழுவப் போனேன். அவர் என்னை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விடை தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. அந்த வருஷ மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

இத்தா (கணவனை இழந்த பெண் வீட்டோடு தங்கியிருக்கும் காலம்) இருந்தபோது எனக்கு நாள், கிழமை எதுவும் தெரியவில்லை. முன்பு ஊசி போட்ட வாரம், போடாத வாரம் என்று மாதம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இப்போது பிரிக்க ஒன்றுமில்லாமல் ஒரே நீளமாகக் கிடக்கிறது. ஷமீமா வேலைக்குப் போவதை வைத்துத்தான் இன்று ஞாயிறு இல்லை என்று தெரிந்துகொள்கிறேன்.

அந்த நாட்களில் ஒருநாள் மீன் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் பட்டது. கொப்புளம் எழும்பி உடைந்தது. நான் மருந்து எதுவும் போடவில்லை, கட்டவும் இல்லை. சிவந்தது, பொருக்குக் கட்டியது, உதிர்ந்தது. நேற்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தழும்புகூட இல்லை. என் உடம்பு இவ்வளவு நன்றாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.